எட்டுப் பெட்டி, நாற்பது நிமிஷம், ஒரு ராணி!

முதலிலேயே ஒரு எச்சரிக்கை. யாராவது 'திருவள்ளூர் மாவட்டம்' என்று விலாசம் கொடுத்தால், அவசரப்பட்டுத் திருவள்ளூர் ரயிலில் ஏறி உட்கார்ந்துவிடாதீர்கள். நான் உட்கார்ந்தேன். ஆவடி தாண்டிய பிறகுதான் போனில் அக்காவின் குரல் கேட்டது.

"டேய் அறிவுக்கொழுந்தே! நாங்க புதுசா குடி வந்திருக்கிறது கவரப்பேட்டைடா. கும்மிடிப்பூண்டி வண்டி பிடிக்கணும். மாவட்டம் ஒண்ணுதான், தண்டவாளம் வேற!"

இறங்கி, திரும்பி, சென்ட்ரலுக்கு வந்து, மூர் மார்க்கெட் பக்கம் கும்மிடிப்பூண்டி வண்டியைப் பிடித்து, எண்ணூர், மீஞ்சூர், பொன்னேரி எல்லாவற்றையும் ஜன்னல் வழியாகக் கும்பிட்டுவிட்டுக் கவரப்பேட்டையில் இறங்கும்போது ராத்திரி ஒன்பதரை.

போன காரியம், தேனீ. மாமா தேனீ வளர்க்கிறார் என்று அக்கா சொன்னதுமே எனக்குள் இருந்த எழுத்தாளன் எழுந்து உட்கார்ந்துவிட்டான். (பி.காம். படித்தவனுக்குள் இருக்கும் எழுத்தாளன் அடிக்கடி தூங்கிவிடுவான். வருமான வரி, சீட்டுக் கம்பெனி என்று மாறி மாறி எழுதினால் அவன்தான் என்ன செய்வான், பாவம்!)

மாமாவுக்கு சிப்காட்டில் ஒரு கம்பெனியில் ஃபிட்டர் வேலை. ஒன்பது மணி ஷிஃப்டு. எட்டேகாலுக்கு மெயின் ரோட்டில் கம்பெனி பஸ். அந்த டிரைவர் சொந்த மாமனார் கையை நீட்டினாலும் நிறுத்தமாட்டாராம். வீட்டுக்குப் பின்னால் குத்தகைக்கு எடுத்த மாந்தோப்பின் ஓரமாக எட்டுத் தேனீப் பெட்டிகள். ஏழு இருபதுக்குக் கையை வைத்தால் எட்டு மணிக்கு முடித்தாக வேண்டும். ஆக, பெட்டிக்கு ஐந்து நிமிஷம். இது தேனீ விஞ்ஞானிகள் போட்ட கணக்கு இல்லை, பஸ் டிரைவர் போட்ட கணக்கு!

ஆனால், பத்து நாளைக்கு ஒரு தடவை இப்படிப் பார்த்துப் பார்த்து, மாமா அதை ஒரு வித்தையாகவே ஆக்கி வைத்திருந்தார். சனிக்கிழமை காலை என்னையும் கூட அழைத்துப் போனார். வெள்ளைச் சட்டை போடச் சொன்னார். நான் ஆசையாய் அடித்துக்கொண்ட சென்டைக் கழுவிவிட்டு வரச் சொன்னார். "தேனீக்கு வாசனைதான் பாஷை மச்சான். நீ இப்ப கெட்ட வார்த்தை பேசிட்டு நிக்கறே."

தோப்பில் முதல் ஆச்சரியம், அவர் பெட்டியைத் திறக்கவே இல்லை. பக்கவாட்டில் நின்று வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார். (நேர் எதிரே நிற்கக் கூடாது. அது அவர்கள் போக்குவரத்துப் பாதை.)

"பின்னங்கால்ல மஞ்சளா உருண்டை தெரியுதா? மகரந்தம். புழுவுக்கு ஊட்டறதுக்குப் போகுது. அது நிறைய உள்ள போச்சுன்னா வீட்ல குழந்தைங்க இருக்குன்னு அர்த்தம். திறக்காமயே பாதி விஷயம் தெரிஞ்சாச்சு."

அப்புறம் கேட்டார், "இந்தப் பெட்டியில நமக்கு என்ன தெரியணும்?"

"எல்லாமே தெரியணும் மாமா!"

"எல்லாம் தெரியணும்னு திறக்கறவன் ஒரு மணி நேரம் நிப்பான். முட்டை இருக்கா, சாப்பாடு இருக்கா, இடம் இருக்கா, புழுவுக்குச் சீக்கு இருக்கா. இந்த நாலு கேள்விதான். பதில் கிடைச்சதும் மூடிடணும்."

தேங்காய் நார் போட்ட புகைக்கருவியால் இரண்டே தடவை லேசாக ஊதினார். புகை போனால் தேனீக்கள் வீட்டில் தீப்பிடித்த மாதிரி பயந்து, இருக்கிற தேனை வயிறு முட்டக் குடித்துக்கொள்ளுமாம். கல்யாணப் பந்தியில் மூன்றாவது பாயசம் குடித்தவன் யாரிடமாவது சண்டைக்குப் போவானா? அதே கதைதான். இன்னொரு பயனும் உண்டு. ஒரு தேனீ கொட்டினால் அபாய வாசனை ஒன்று கிளம்பும். அந்த வாசனையில் முக்கியமான சரக்கு, வாழைப்பழ எசென்ஸில் இருக்கும் அதே ஐசோஅமைல் அசிடேட். அந்த வாசனை மற்ற தேனீக்களின் மூக்குக்கு எட்டாமல் புகை மறைத்துவிடுகிறது. (அவற்றுக்கு மூக்கு இல்லை, உணர்கொம்புதான். மாமா திருத்தினார்.)

மேலே தேன் அறை, அதற்குக் கீழே புழு அறை. புழு அறையில் ஏழு மரச் சட்டங்கள், ஒவ்வொன்றிலும் ஒரு அடை. மாமா நடுவில் கைவைக்கவில்லை. ஓரத்துச் சட்டத்தை முதலில் எடுத்துப் பக்கத்தில் சாய்த்து வைத்தார். அதில் பெரும்பாலும் தேனும் மகரந்தமும்தான் இருக்கும், ராணி இருப்பது அபூர்வம். இப்போது உள்ளே கொஞ்சம் இடம் கிடைத்தது. அடுத்த சட்டத்தை அந்தக் காலியிடத்துக்கு நகர்த்தி, பிறகு நேராக மேலே தூக்கினார். நெரிசலான பஸ்ஸில் ஒருத்தர் இறங்கினால்தான் மற்றவர் அசைய முடியும், இல்லையா? நடுச் சட்டத்தை அப்படியே உருவினால் இரண்டு அடைகளுக்கு நடுவே தேனீக்கள் உரசி நசுங்கிப் போகும். ராணியும் அதில் ஒருத்தியாக இருக்கலாம்.

சூரியன் முதுகுப் பக்கம். அடையைப் பெட்டிக்கு நேர் மேலேயே பிடித்தார். எது விழுந்தாலும் வீட்டுக்குள்ளேயே விழட்டும் என்று.

"உள்ள குனிஞ்சு பார். என்ன தெரியுது?"

"ஓட்டை தெரியுது மாமா."

"ஓட்டைக்கு அடியில?"

கண்ணை இடுக்கிப் பார்த்தேன். ஒவ்வொரு அறுகோண அறையின் அடியிலும் வெள்ளையாக, நூல் துண்டு மாதிரி, ஒன்றே ஒன்று. முட்டை! முதல் நாள் அது நட்டுவைத்த குச்சி மாதிரி நிமிர்ந்து நிற்கும், இரண்டாம் நாள் சாயும், மூன்றாம் நாள் படுத்துவிடும், அப்புறம் புழுவாகிவிடும். ஆகவே முட்டையைப் பார்த்துவிட்டால், மூன்று நாளைக்குள் ராணி அங்கே நடமாடியிருக்கிறாள் என்று அர்த்தம். நிமிர்ந்த முட்டை என்றால் நேற்றோ இன்றோ.

"அப்ப ராணியைப் பார்க்க வேணாமா?" எனக்கு ஏமாற்றம்.

"எதுக்கு? வவுச்சர் கையில இருக்கும்போது கேஷியர் மூஞ்சியைப் பார்த்தே தீருவேன்னு ஆடிட்டர் அடம் பிடிப்பாரா? பி.காம். படிச்சவன் நீதான் எனக்குச் சொல்லணும்."

மடக்கிவிட்டார். நான்கு நிமிஷத்தில் மூடி வைத்து, மூடியின் உள்பக்கம் சாக்பீஸால் தேதி போட்டு 'மு' என்று எழுதினார். 'மு' என்றால் முட்டை உண்டு. தனியாக நோட்டு கிடையாது, கணக்கு வழக்கெல்லாம் மூடியிலேயே! அடுத்த பெட்டிக்குப் போவதற்கு முன் கையையும் உளியையும் சோப்புத் தண்ணீரில் கழுவினார். அதற்கு ஒரு காரணம் இருந்தது. அது மார்த்தாண்டத்துக் கதை.

இந்த மரச் சட்டங்களே ஒரு பெரிய சமாசாரம் என்பது உங்களுக்குத் தெரியுமா? அந்தக் காலத்தில் தேன்கூட்டின் உள்ளே பார்க்க வேண்டுமானால் கூட்டை அறுக்க வேண்டும். சுவிட்சர்லாந்தில் ஹூபர் என்று ஒருவர், புத்தகம் மாதிரி விரிகிற கூடு செய்து, தேனீக்களைப் பற்றி ஆராய்ந்து, 1792-ல் புத்தகமே போட்டார். இதில் விசேஷம், அவருக்குக் கண் பார்வை கிடையாது! உதவியாளர் பார்த்துச் சொல்லச் சொல்ல, இவர் கேள்வி கேட்டுக்கொண்டே இருந்தார். மாமாவின் 'முதலில் கேள்வி' பாலிசிக்குத் தாத்தா அவர்தான் என்று நினைக்கிறேன். பிறகு 1851-ல் அமெரிக்காவில் லாங்ஸ்ட்ராத் என்ற பாதிரியார், அடைகளுக்கும் பெட்டிக்கும் நடுவே ஏறக்குறைய அரை விரல்கடை இடைவெளி விட்டால் தேனீக்கள் அதை நடைபாதையாக விட்டுவைக்கின்றன என்பதைப் பிடித்தார். இடைவெளி குறைந்தால் பிசின் வைத்து அடைக்கும், கூடினால் அடை கட்டிவிடும். அந்த அளவில் செய்ததால்தான் சட்டங்கள் ஒட்டிக்கொள்ளாமல் தனித்தனியாகக் கழன்று வந்தன. நம்ம ஊர்த் தேனீ உருவத்தில் சின்னது. அதற்கேற்ற சின்னப் பெட்டியை, போன நூற்றாண்டின் ஆரம்பத்தில் தென்னிந்தியாவில் இருந்த நியூட்டன் பாதிரியார் வடிவமைத்தார். இன்றைக்கும் அது நியூட்டன் பெட்டிதான். (ஆப்பிள் விழுந்த நியூட்டன் வேறு!) 1920-களில் ஸ்பென்சர் ஹாட்ச் என்ற அமெரிக்கர் மார்த்தாண்டத்தில் ஒய்.எம்.சி.ஏ. சார்பில் கிராம முன்னேற்றப் பணி செய்தபோது, தேனீ வளர்ப்பையும் அதில் சேர்த்தார். அங்கே ரப்பர் தோட்டங்களில் அது வீட்டுக்கு வீடு தொழிலாகவே ஆகிப்போனது.

மாமா தொழில் கற்றதும் பெட்டி வாங்கியதும் அங்கேதான், ஒரு பெரியவரிடம். அந்தப் பெரியவர் 1991-92-ல் எல்லாவற்றையும் இழந்தவர். தாய் சாக்புரூட் என்ற வைரஸ் நோய் அந்தச் சமயத்தில்தான் கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் இந்தியத் தேனீக்களைத் துடைத்துப் போட்டது. புழுக்கள் மல்லாந்து, தலையைத் தூக்கிக்கொண்டு படகு மாதிரி செத்துக் கிடக்கும். எடுத்துப் பார்த்தால் தண்ணீர் நிரம்பிய பை. அதற்கு மருந்து கிடையாது. ஊரே பதறிப்போய்த் தினமும் ஒவ்வொரு பெட்டியாகத் திறந்து பார்த்ததாம். "நோயை நாங்களே கையில எடுத்துட்டுப் போய் அடுத்த பெட்டியில வெச்சிருப்போமோன்னு இப்பவும் தோணும்" என்று அந்தப் பெரியவர் சொல்வாராம். சோப்புத் தண்ணீர் வாளி அவர் கொடுத்த பாடம்.

எட்டு மணி ஆவதற்கு இரண்டு நிமிஷம் இருக்கும்போது எட்டாவது பெட்டியையும் மூடியாயிற்று. போகிற போக்கில் ஐந்தாம் நம்பரை ஆசையாய்த் தட்டிக்கொடுத்தார் மாமா. "இதுதான் இருக்கறதிலேயே பலமானது. வேம்பும் புங்கையும் பூத்ததும் இதுல எடுக்கிற தேன், உன் மருமக பாலிடெக்னிக்கோட முதல் டெர்ம் ஃபீஸ்."

இதோடு ஊருக்குக் கிளம்பியிருந்தால் நான் புத்திசாலி.

ஞாயிற்றுக்கிழமை மாமாவுக்கு ஓ.டி. அக்காவும் மருமகளும் பொன்னேரிக்குக் கடைக்குப் போய்விட்டார்கள். பகல் பதினொரு மணி. நான், தோப்பு, எட்டுப் பெட்டி. கட்டுரையில் ராணியை வர்ணிக்காமல் எப்படி? வாசகர்கள் என்னைப் பற்றி என்ன நினைப்பார்கள்? (வாசகர்களே, இந்தப் பழியில் உங்களுக்கும் பங்கு உண்டு!)

ஐந்தாம் நம்பரைத் திறந்தேன். புகை போட்டேன், கோயில் திருவிழா ரேஞ்சுக்கு! எடுத்த எடுப்பில் நடுச் சட்டத்தை உருவினேன். ராணி இல்லை. அடுத்தது, இல்லை. நம்ம ஊர்த் தேனீக்குக் கலவரம் என்றால் அடை மேல் இங்குமங்கும் ஓட ஆரம்பித்துவிடும். ஏதோ பத்தாயிரம் பேர் ஓடுகிற கூட்டத்தில் ஒருத்தியை எப்படித் தேடுவது? எழும்பூர் ஸ்டேஷனில் பொங்கலுக்கு முதல் நாள் தொலைந்த ஆளைத் தேடுகிற மாதிரிதான். ஏழு சட்டத்தையும் இரண்டு தடவை புரட்டினேன். நாற்பது நிமிஷம். முதல் கொட்டு புறங்கையில். அப்புறம் காதில், கழுத்தில்... வாழைப்பழ எசென்ஸ் வேலையைக் காட்டிவிட்டது. சட்டங்களைத் திணித்து, மூடியைப் போட்டு, ஓடியே வந்துவிட்டேன்.

(கொட்டினால் கொடுக்கு தோலிலேயே தங்கி, விஷத்தை இறக்கிக்கொண்டே இருக்கும். சுரண்டி எடுப்பதா, கிள்ளி எடுப்பதா என்று பட்டிமன்றம் வைக்காமல் உடனே எடுத்துவிட வேண்டும். மூச்சுத் திணறல், மயக்கம், உடம்பெல்லாம் தடிப்பு என்றால் நேராக ஆஸ்பத்திரி. எனக்கு வீங்கியதோடு சரி.)

சாயங்காலம் காதைப் பார்த்து அக்கா கேட்டாள். "தோப்புப் பக்கம் நடந்து போனேன், கொட்டிடுச்சு" என்றேன். மாமா ஒன்றும் சொல்லவில்லை. மஞ்சள் குழைத்துப் போடச் சொன்னார்.

அடுத்த ஞாயிறு ராத்திரி மறுபடி போனேன். கட்டுரைக்கு இன்னும் கொஞ்சம் விவரம் வேண்டும் என்று அக்காவிடம் சொல்லிக்கொண்டேன். வாரம் முழுக்கத் தூக்கம் சரியில்லை என்பதைச் சொல்லவில்லை.

திங்கள் காலை. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, எல்லாம் 'மு'. ஐந்தாம் நம்பர். வாசலில் போக்குவரத்து நடந்தது, ஆனால் மஞ்சள் உருண்டை குறைவு. மாமா மூடியைத் திறந்து, ஓரச் சட்டத்தை எடுத்து, மூன்றாவது சட்டத்தைத் தூக்கினார். வழக்கத்தைவிட அதிக நேரம் பார்த்தார். அடுத்ததையும் பார்த்தார்.

"முட்டை இல்ல. சின்னப் புழுவும் இல்ல. எல்லாமே மூடி போட்ட அறைங்க."

அடையின் நடுவில், நிலக்கடலை மாதிரி கீழ்நோக்கித் தொங்கிய நான்கு கூடுகளைக் காட்டினார். "கூட்டம் பிரியறதுக்குன்னா ராணி அறையை அடையோட கீழ் ஓரத்துலதான் கட்டும். இது நடுவுல இருக்கு. திடீர்னு ராணி போயிட்டா, கைக்குக் கிடைச்ச குஞ்சுப் புழுவை ராணியாக்க அவசரமா கட்டறது."

மூடியைத் திருப்பிச் சாக்பீஸ் தேதியைப் பார்த்தார். விரல் விட்டு எண்ண ஆரம்பித்தார். என் வயிற்றுக்குள் ஏதோ கழன்று விழுந்தது.

"சனிக்கிழமை நாம பார்த்தப்ப முட்டை நின்னுட்டு இருந்தது. முட்டை மூணு நாள், புழு அஞ்சு நாள், ஆக எட்டாம் நாள் மூடி போட்டுடும். அன்னிக்கு இருந்த முட்டைக்கெல்லாம் இப்பத்தான் மூடி போட்டிருக்கு. அதுக்கப்புறம் வெச்ச முட்டை ஒண்ணுகூட இல்ல." நிறுத்தினார். "போன ஞாயித்துக்கிழமை செத்திருக்கு."

நான் பதினைந்து வருஷத்தில் எத்தனையோ ஆபீஸ்களில் ஆடிட் பார்த்திருக்கிறேன். இவ்வளவு துல்லியமாகத் தேதி போட்டு ஆளைப் பிடித்த ஆடிட்டை எங்கேயும் பார்த்ததில்லை. தேனீக்களே சாட்சி சொல்லிவிட்டன.

"மாமா... நான்தான் திறந்தேன்."

"காதைப் பார்த்தப்பவே தெரியும்" என்றார். "அன்னிக்கே சொல்லியிருந்தா மூணாம் நாளே பார்த்திருப்பேன். பக்கத்துப் பெட்டியிலேர்ந்து ஒரு முட்டைச் சட்டம் கொடுத்திருக்கலாம், இவங்களுக்குக் கொஞ்சம் பலமா இருந்திருக்கும்."

திட்டியிருந்தால் தேவலை. அவர் சட்டங்களை ஒவ்வொன்றாகத் திரும்ப வைத்து, மூடினார். மூடி மேல் ஒரு செங்கல்லை நெட்டுக்குத்தலாக நிறுத்தினார். அது அவர் பாஷையில், 'கை வைக்காதே'.

"இன்னும் மூணு வாரம் யாரும் திறக்கக் கூடாது. இந்த வாரக் கடைசியில புது ராணி வெளிய வரும். அப்புறம் ஒரு வாரத்துக்குள்ள பறந்து போய் ஆகாசத்துல ஆண் ஈங்களோட சேர்ந்துட்டுத் திரும்பி வரணும். வழியில பஞ்சுருட்டான் பிடிச்சுட்டா முடிஞ்சது கதை. வேற முட்டை இருக்காது, வேற ராணி செய்ய முடியாது. கடைசியில வேலைக்கார ஈங்களே முட்டை போட ஆரம்பிக்கும். ஒரு அறையில ரெண்டு மூணுன்னு கன்னாபின்னான்னு போடும். அதுல ஆண் ஈதான் வரும், தேன் வராது."

நிமிர்ந்து பார்த்தேன். தோப்புக்கு மேலே போகிற கரண்டு கம்பியில் பச்சைப் பசேலென்று நான்கு பஞ்சுருட்டான்கள், கேன்டீனில் டோக்கன் வாங்கிக்கொண்டு காத்திருப்பவர்கள் மாதிரி!

அந்த மூன்று வாரமும் நான் அக்காவுக்குச் செய்த போன்களைப் பார்த்து, 'தம்பிக்கு இவ்வளவு பாசமா' என்று அவளே சந்தேகப்பட்டாள். மாமாவிடம் கேட்கத் தைரியம் இல்லை. மருமகளிடம்தான் கேட்டேன். "வாசல்ல மஞ்சள் உருண்டை போகுதா?" "கொஞ்சம் போகுது மாமா." மறுவாரம், "நிறைய போற மாதிரி இருக்கு மாமா, ஆனா நான் எண்ணலை. நீங்க எதுக்கு எப்பவும் இதையே கேக்கறீங்க?"

மூன்றாவது திங்கள். சரியான வண்டியில்தான் ஏறி முதல் நாளே போய்ச் சேர்ந்தேன். தோப்பு ஓரத்துச் சீமைக் கருவேலத்தில்கூடத் தேனீக்கள் மொய்த்துக்கொண்டிருந்தன. (ஊரே சபிக்கிற அந்த முள்மரத்துப் பூவில் நல்ல தேன் உண்டாம்!) மாமா வாசலைப் பார்த்தார். இரண்டு தடவை ஊதினார். ஓரச் சட்டத்தை எடுத்துச் சாய்த்தார். அடுத்ததை நகர்த்தினார். நடுவில் இருந்ததைத் தூக்கி, தான் பார்க்காமல் என்னிடம் நீட்டினார்.

சூரியனை முதுகுக்கு விட்டுக் குனிந்தேன். வெயில் அறைகளின் அடி வரைக்கும் இறங்கியது. முத்து மாதிரி சுருண்ட வெள்ளைப் புழுக்கள். அவற்றைச் சுற்றிலும் உள்ள அறைகளில், ஒவ்வொன்றிலும் ஒன்றே ஒன்று, நிமிர்ந்து நின்றது.

"என்ன தெரியுது?"

"நேத்து வெச்ச முட்டை மாமா."

"ராணியைத் தேடணுமா?"

"வேணாம் மாமா. மூடிடுங்க."

செங்கல்லைப் படுக்க வைத்தார். சாக்பீஸை என் கையில் கொடுத்தார். நான் தேதி போட்டு 'மு' எழுதினேன். கை கொஞ்சம் நடுங்கியதில் 'மு' கோணலாக விழுந்தது. ஃபீஸ் கட்ட இந்த வருஷம் அது தேறாது. பலம் பிடிப்பதற்குள் வேம்புப் பூ முடிந்துவிடும். முதல் டெர்மை நான் கட்டுகிறேன் என்று அக்காவிடம் சொல்லியாயிற்று. மாமாவிடம் அவளே சொல்லட்டும்.

"மூணு நிமிஷம் நாப்பது செகண்ட்" என்றார் மாமா வாட்சைப் பார்த்து. "ஆறாம் நம்பரை நீ திற. சீக்கிரம், பஸ்ஸுக்கு நேரமாச்சு."